டேப்பு மாஸ்டரும் பழனிச்சாமியின் தலையும்

திருப்பூரில் எங்கள் டேப்பு மாஸ்டர் அளந்து பார்க்காதவை இரண்டே இரண்டுதான். ஒன்று நொய்யல் ஆறு, இன்னொன்று முதலாளியின் கோபம். ஒரு கோடையில் தண்ணீர் வற்றியபோது ஆற்றையும் அளந்துவிட்டார் என்று சொல்வார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் ராயபுரத்தில் ஒரு வளவில் குடியிருந்தேன். நடுவில் முற்றம், சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரே குழாய். எதிர்வீட்டில் மாஸ்டர். நான் கணக்கெழுதிய பனியன் கம்பெனியில்தான் அவரும் கட்டிங் மாஸ்டராக இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. இப்போது எவ்வளவு யோசித்தும் அது நினைவுக்கு வரவில்லை. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் மாலை மாதிரித் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது வளவில் தீராத சந்தேகம்.

மனிதர்களை அவர் பெயரால் அறிந்ததில்லை, மார்பளவால்தான் அறிவார். "போன மாசம் ஒரு முப்பத்தாறு வந்தாரே, அவரு ஆபீஸ்ல உக்காந்திருக்காருங்க" என்பார். நான் கல்யாணமாகிக் குடிவந்த அன்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாசக்கால் எனக்கு உயரம் பற்றாது, தலையை இடித்துக்கொள்வேன் என்று எச்சரித்தார். அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே உள்ளே போய் இடித்துக்கொண்டேன். புது மனைவி முன்னால் நெற்றி வீங்கி நின்றது அந்த வீட்டில் எனக்கு முதல் மரியாதை.

இத்தனைக்குப் பிறகும் அவரைச் சகித்துக்கொள்ள முடிந்தது. பழனிச்சாமி பிறக்கும்வரை.

மாஸ்டருக்கும் அவர் மனைவி ராமாத்தாளுக்கும் பல வருஷம் குழந்தையில்லை. சிவன்மலைக்கும் பழனிக்கும் நடையாய் நடந்த பிறகு பிறந்த பிள்ளை அவன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்த மாஸ்டர் பையன் என்றும் சொல்லவில்லை, தாயும் பிள்ளையும் சுகம் என்றும் சொல்லவில்லை.

"தம்பி, தலை பெருசா இருக்குதுங்க" என்றார்.

பிறந்த குழந்தை எல்லாமே எனக்குத் தலையாகத்தான் தெரியும் என்பதால் சமாதானம் சொல்லி அனுப்பினேன். பிறகு நானும் போய்ப் பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், தலை பெரிதுதான். குழந்தை பார்க்க வந்தவர்கள் தொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கணம் நிற்பார்கள். பிறகு மூக்கு அப்படியே அம்மாவாட்டம் என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். ஊரே மூக்கைப் புகழ்ந்ததிலிருந்து மாஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அன்று தொடங்கியது என் கஷ்டகாலம். பகலெல்லாம் கம்பெனியில் கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து காலை நீட்டினால், பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, மாஸ்டர் வாசலில் நிற்பார். நேற்றைக்கு இன்றைக்குத் தலை ஒரு நூல் அளவு கூடியிருக்கிறது என்பார். குழந்தை என்றால் வளரத்தானே செய்யும் என்பேன். உடம்பு வளரட்டும், தலை ஏன் முந்திக்கொண்டு வளர்கிறது என்பார். தெரியாது என்று சொன்னாலும் போகமாட்டார். என் மனைவி இரண்டு பேருக்கும் காப்பி வைத்துவிட்டு, இன்றைக்கு எவ்வளவு நேரம் என்று கண்ணாலேயே கேட்பாள்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று தெருவிலுள்ள மற்றக் குழந்தைகளை அளக்க ஆரம்பித்தார். இடுப்பில் பிள்ளையோடு கடைக்குப் போகும் பெண்கள் இவரைக் கண்டதும் முந்தானையால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டு சந்தில் திரும்பினார்கள். புகார்கள் மட்டும் என்னிடம் வந்தன. அவரைக் கண்டிக்க வேண்டிய ஆள் நான்தான் என்று ராயபுரம் எப்படியோ முடிவு செய்திருந்தது.

அவருடைய பயத்தின் வேர் பிறகுதான் தெரிந்தது. கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவர் யாரோ, தலைக்குள் நீர் கோத்துப் போய்ப் பிழைக்காத ஒரு குழந்தையைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை என்னிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். உரக்கச் சொன்னால் எதிர்வீட்டுத் தொட்டிலில் கேட்டுவிடும் என்பது போல. அதற்குப் பிறகு ஒண்ணும் இருக்காதுங்க மாஸ்டர் என்று சொல்லி அனுப்புவதை நிறுத்திக்கொண்டேன். கோயமுத்தூருக்குப் போய்க் குழந்தை டாக்டர் ஒருவரிடம் காட்டலாம் என்றேன். படித்தவன் என்ற முறையில் நானும் கூட வர வேண்டும் என்றார்.

குழந்தைகளுக்கென்றே இருந்த அந்த டாக்டரம்மா வயதானவர். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டத்தையே பார்த்து முடித்து, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழனிச்சாமியின் தலையை டேப் வைத்து அளந்தார். மாஸ்டர் குறுக்கே புகுந்து, துணி டேப் நாள்பட்டால் இழுபட்டுவிடும், இதில் பாருங்கள் என்று தன் கழுத்திலிருந்ததை உருவி நீட்டினார். அந்த அம்மாள் பேசாமல் வாங்கி அதிலும் அளந்தார். இரண்டும் ஒன்றுதான் காட்டின. மாஸ்டருக்கு ஏமாற்றம்.

பிறகு உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். கண்ணுக்கு நேரே விரலை ஆட்டினார், குழந்தை விரலோடு கண்ணைத் திருப்பியது. உச்சி பொங்கவில்லை, பார்வை சரியாக இருக்கிறது, இப்போதைக்குப் பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் தலை நிற்கிறதா, உட்காருகிறானா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடியும் வாருங்கள் என்றார். கடைசியில், குடும்பத்தில் யாருக்காவது பெரிய தலை உண்டா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. பெண்டாட்டி வகையில் இருக்கும் என்றார். ராமாத்தாள் குழந்தையை மாற்றுத் தோளில் போட்டுக்கொண்டாள்.

ராமாத்தாளுக்குப் பிறந்த ஊர் ஊத்துக்குளி. அடுத்த வாரம் அங்கே ஒரு காதுகுத்து. விசேஷங்களுக்கு இழுத்தாலும் வராத மாப்பிள்ளை முதல் ஆளாக வந்து இறங்கியதில் அவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அந்தச் சந்தோஷம் பந்தி வரைக்கும்தான் நிலைத்தது. பந்தியில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சினன்மார் ஒவ்வொருவர் தலையையும் பின்னால் நின்று அளந்துகொண்டே போனாராம். பெரிய மச்சினனுக்குப் புரையேறிவிட்டது. அடுத்தது மாமனார். அவர் சாப்பிட்ட அசதியில் பந்தலுக்குள் கட்டிலில் படுத்திருந்தார். நெற்றியைச் சுற்றி ஏதோ ஊர்வது போலிருக்கவும் கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே மாப்பிள்ளை.

"ஏனுங்க மாப்ள, உருமால் எடுத்துக் குடுக்கறதுக்கா? உருமாலுக்கெல்லாம் எதுக்குங்க அளவு?" என்றாராம் அந்தப் பெரியவர்.

தலைப்பாகைத் துணி எடுத்துக் கொடுத்துத்தான் மாஸ்டர் அந்த ஊரிலிருந்து தப்பி வந்தார். இதையெல்லாம் சிரித்துச் சிரித்து என் மனைவியிடம் சொன்னது ராமாத்தாள்தான். சொல்லி முடித்துவிட்டு, எங்கப்பன் ஊட்டுல எல்லாருக்கும் தேங்காயாட்டம் சின்னத் தலைதான் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாளாம்.

மறுமாதம் மறுபடியும் கோயமுத்தூர். ஊத்துக்குளியில் ஒருவருக்கும் தலை பெரிதில்லை என்று மாஸ்டர் சோகமாகச் சொன்னார். டாக்டரம்மா அவரையே சற்று நேரம் பார்த்தார். கொஞ்சம் குனியச் சொன்னார். அடர்ந்த சுருட்டை முடியை அமுக்கிப் பிடித்து டேப்பைச் சுற்றினார். அளவைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கடையில வாங்குற பனியனுக்குள்ள உங்க தலை நுழையுமா?" என்று கேட்டார்.

"நுழையாதுங்க. எனக்குன்னு கழுத்து அகலமா வெட்டிக்குவனுங்க. காத்தோட்டமா இருக்கட்டும்னு" என்றார் மாஸ்டர்.

டாக்டரம்மா டேப்பை அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். வாழ்நாளெல்லாம் ஊரை அளந்த மனிதர், தன் தலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். ராமாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை, அறைக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மாஸ்டர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். சூலூர் தாண்டியதும் தானாகவே சொன்னார். அப்பன் ஆத்தா இரண்டு பேரும் நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார்களாம். மங்கலத்தில் சித்தப்பன் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். "நீ பொறந்தப்ப உந்தலை இப்படி இருந்துச்சுன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆளு இல்லீங்க தம்பி" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இத்தோடு விட்டது என்று நினைத்தேன். விடவில்லை. தலை பரம்பரைச் சொத்து என்பது தெரிந்துவிட்டது. ஆனால் தலை நிற்க வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னதை மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அதே வயதில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் தலையைத் தூக்கிக் கண்டதையெல்லாம் பார்க்க ஆரம்பித்துவிட்டன. பழனிச்சாமியின் தலை மட்டும் ராமாத்தாளின் தோளில் சாய்ந்தபடியே கிடந்தது. மறுபடியும் பொழுதோடு மாஸ்டர், மறுபடியும் காப்பி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வர ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் வீட்டில் உட்கார்ந்து அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் குடமும் தோளில் குழந்தையுமாக ராமாத்தாள் உள்ளே வந்தாள். அவள் என் எதிரில் அதிகம் பேசியவளில்லை. கண்ணெல்லாம் குழி விழுந்து, ஒரு மாதம் தூங்காதவள் மாதிரி இருந்தாள்.

"பொறந்ததுலருந்து இவரு அளந்துக்கிட்டேதான் இருக்காருங்க. ஒரு நாளாவது கொழந்தையத் தூக்கியிருக்காரான்னு கேளுங்க" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் வளவிலும் குழந்தை இவர் கையில் இருந்து நான் பார்த்ததே இல்லை. டேப்தான் இருந்தது.

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "பயமுங்க" என்றார். "தூக்கிக் கழுத்து மடங்கிப் போச்சுன்னா என்னுங்க பண்றது? இத்தன வருசங் கழிச்சுக் குடுத்திருக்கறான் முருகன்."

ராமாத்தாள் குனிந்து பிள்ளையை அவர் மடியில் போட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் குழாயடியில் எத்தனை குடம் வரிசையில் இருக்கும் என்பது வளவில் எல்லோருக்கும் தெரியும்.

மாஸ்டர் சிலையாகிவிட்டார். ஒரு கை பிள்ளையின் கழுத்துக்கடியில், இன்னொரு கை முதுகில். மூச்சு விடுகிறாரா என்று நான் எட்டிப் பார்த்தேன். ஈ ஒன்று மூக்கில் வந்து உட்கார்ந்தது, அதை ஓட்டவும் கையில்லை. நான் விசிறியால் ஓட்டினேன். பழனிச்சாமி அவர் வேட்டியை நனைத்தான். மாஸ்டர் அசையவில்லை. தொங்கிய டேப்பைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினான், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளியே அந்த டேப்பைத் தொட்டால் முகம் சுளிக்கிறவர்.

பிறகு மெதுவாக, கண்ணாடிப் பெட்டியைத் தூக்குகிறவர் போலப் பிள்ளையைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டார். பையனின் தலை ஒரு ஆட்டம் ஆடி அவர் தோள்பட்டையில் இடித்தது. மாஸ்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அதனால்தான் அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இடித்த தலை தானாக எழும்பியது. கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே நின்றது. வாயில் எச்சில் ஒழுக என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் சாய்ந்தது.

சொன்னேன். நம்பவில்லை. என் மனைவியும் பார்த்தேன் என்று சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். கண் நனைந்திருந்தது. "நெம்பக் கனமுங்க தம்பி" என்றார். குறை சொல்கிற மாதிரி இல்லை அது.

அதன் பிறகு பிள்ளையை அவர் தோளைவிட்டு இறக்குவது ராமாத்தாளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. பழனிச்சாமி கொஞ்சம் தாமதமாக உட்கார்ந்தான், கொஞ்சம் தாமதமாக நடந்தான். பேச மட்டும் எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்து எங்களை ஓய்த்தான். சிவன்மலையில் அவனுக்கு மொட்டை போட்டபோது நாவிதர் பாதியில் நிறுத்தி ஒரு பீடி குடித்துவிட்டு வந்து மீதியை முடித்தார். மாஸ்டர் அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னார்.

மறுவருஷம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். மனைவியின் வீட்டு ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். துணியில் சுற்றி என் கையில் கொடுக்க வந்தார்கள். கோழிக்குஞ்சு அளவுதான் இருந்தாள். அத்தனை நாள் அடுத்தவருக்குத் தைரியம் சொன்ன நான், கழுத்து மடங்கிவிடுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால், கதவோரமாக மாஸ்டர் நின்றிருந்தார். அவரைக் கூப்பிட்டு, முதலில் நீங்க வாங்கிக்குங்க மாஸ்டர் என்றேன்.