பங்கருக்குள் ஒரு வானம்

பொம்பர் விமானம் போய்க் கால் மணித்தியாலம் கழித்தே சண்முகநாதன் மாஸ்டர் முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழியை விட்டு ஏறி வந்தார். குண்டு விழுந்தது அடுத்த ஒழுங்கையில். மனைவி மகாதேவி இம்முறையும் அந்தப் பங்கருக்குள் வராமல், குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உமக்கென்ன விசரோ?"

"அதுக்குள்ளை இருந்தால் உயிரோடை மண்ணுக்குள்ளை தாட்ட மாதிரிக் கிடக்கு. மேலை பார்த்தால் எனக்கு வானம் தெரியவேணும்."

இருபது வருடம் சித்திரம் படிப்பித்தவருக்கு அது போதும். வானத்தை வரைந்து பங்கர்க் கூரையில் ஒட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். இருட்டுக்குள் பகல் எடுபடாது. இரவு வானம்தான் சரி.

பொருளாதாரத் தடையில் வர்ணம் எங்கே கிடைக்கும்? உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, விளக்குக் கரியைச் சேர்த்தார். பழைய கலண்டர் தாள்களைச் சோற்றுப் பசையால் ஒட்டிப் பின்புறத்தில் பூசினார். ஈரம் காயுமுன் உப்பைத் தூவ, விழுந்த இடமெல்லாம் நிறம் வெளிறி நட்சத்திரம் முளைத்தது. வெயிலில் காயவைத்துவிட்டுத் திரும்பினால், ஆடு உப்பை நக்கி முடித்து, பசை மணத்துக்குப் பாதி வானத்தையும் தின்றிருந்தது.

"என்ரை உப்பும் போச்சு," என்றாள் மகாதேவி.

இரண்டாவது வானத்தோடு வீட்டில் உப்பே இல்லாமற் போனது. ஒட்டிய அன்றே அது பங்கர் ஈரத்தில் சொட்டி, மாஸ்டரின் ஒரே நல்ல வேட்டியை நீலமாக்கியது.

"உந்தக் கோதாரி வானம் வேண்டாம், விடுங்கோ!"

அவர் விடவில்லை. அயலில் உப்புக் கடன் வாங்கி மூன்றாவதை வரைந்தார். ஈரம் தாங்க, இருந்த கடைசி மெழுகுதிரியையும் உருக்கி அதன்மேல் பூசினார்.

மறுநாள் காலை பொம்பர் இரைந்தது. மாஸ்டர் குசினி வாசலில் நின்று கெஞ்சினார்.

"ஒருக்கா வாரும். எனக்காக."

வந்தாள். பங்கர் வாசல் வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தாள்.

"உவ்வளவும் உப்போ?"

"ஓம்."

சிரித்தபடி சாக்கில் உட்கார்ந்தாள். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இனி இவள் பிழைத்துக்கொள்வாள்.

வழக்கமாக முதல் ஆளாக ஓடிவரும் பக்கத்து வீட்டுச் சின்னாச்சி அப்போதுதான் குனிந்து நுழைந்தாள். மேலே பார்த்தாள். வந்த வேகத்தில் திரும்பி வெளியே நடந்தாள்.

"எங்கை அக்கா போறியள்? பொம்பர் சுத்துது!"

"வானத்துக்குப் பயந்துதானே தம்பி இதுக்குள்ளை ஓடி வாறனான், அதை ஏன் உள்ளுக்குக் கொண்டு வந்தனீங்கள்?"