குறையில்லாத பாய்

ஒரு காட்டில் செண்பகம் என்றொரு முயல் இருந்தாள். வேடன் வலையில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு மூன்றோடு தப்பித்தவள். எங்கே வேலை கேட்டாலும் "ஓட முடியாத முயலா?" என்று சிரித்தார்கள். அதனால், தேனெடுக்கப் போய் இரண்டு கண்ணையும் தேனீக்களிடம் இழந்த சடையன் கரடியோடும் இன்னும் சிலரோடும் சேர்ந்து கோரைப்பாய்ச் சங்கம் தொடங்கினாள்.

அரசவைக்கு வேண்டிய பாய்களை இப்படிப்பட்ட மாற்றுத்திறனாளிச் சங்கங்களிடம்தான் வாங்க வேண்டும் என்பது சிங்கராஜாவின் ஆணை. அந்த ஆர்டர் கிடைத்தால் மழைக்காலம் முழுக்க எல்லோருக்கும் சாப்பாடு. கிடைக்காவிட்டால் சங்கத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

மாதிரிப் பாயைப் பார்க்கக் கொள்முதல் அதிகாரி நரியார் வந்தார். தடவினார். இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதில் ஒரு குறையும் இல்லையே அம்மா."

"நன்றிங்க ஐயா."

"நன்றியா? குறையுள்ளவர்கள் நெய்தால் குறை இருக்க வேண்டாமா? கைகால் நன்றாக இருக்கிற யாரையோ ஒளித்துவைத்து நெய்திருக்கிறீர்கள். முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர்களை நான் நிறையப் பார்த்தவன்."

செண்பகம் கால்களை நீட்டிக் காட்டினாள். நரியார் எண்ணிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"கால் சரி. பாய்தான் சரியில்லை. நாளைக்கு வருவேன். அசல் பாய் இருக்கட்டும்."

அவர் போனதும் செண்பகம் கரடியிடம் வந்தாள். "அண்ணே, மோசமா ஒரு பாய் போடுங்களேன்."

சடையன் நெய்தார். பிரித்தார். மறுபடி நெய்தார். "வரமாட்டேங்குது தாயி. விரல் தானாத் தப்பைத் திருத்திக்குது. நீ போடேன்."

அவளும் முயன்றாள். பாழாய்ப்போன பாய் நேராகவே வந்தது.

"அப்போ மோசமா நெய்யத் தெரிஞ்சவனைத்தான் கூப்பிடணும்," என்றார் சடையன். "அரண்மனைத் தறிக்கூடத்துல தலைமை நெசவாளரா இருந்தானே மாங்கொட்டை, அந்தக் குரங்கு. கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நெய்யறதுக்கு மட்டும் எடுக்கமாட்டான்."

மாங்கொட்டை வந்தான். பழம் தின்றுகொண்டே ஒரு பாய் நெய்தான். ஓரங்கள் ஆளுக்கொரு திசையில் போயின. நடுவில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைப் பார்த்துச் செண்பகத்துக்கு அழுகை வந்தது.

மறுநாள் நரியாருக்கும் வந்தது.

"இதுதான் அசல். பாவம், எவ்வளவு சிரமப்பட்டிருப்பீர்கள்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அரசவையில் சிங்கராஜா அந்தப் பாயில் கால் வைத்தார். ஓட்டைக்குள் கால் மாட்டி, மந்திரிகள் முன்னால் குப்புற விழுந்தார். எழுந்து பிடரியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். நாம்தான் ஆதரிக்க வேண்டும். ஆர்டரை இரண்டு மடங்காக்குங்கள்."

செய்தி சங்கத்துக்கு வந்தது.

"மாங்கொட்டைக்குத் தம்பிங்க இருக்கானுங்களாம்," என்றார் சடையன். "நல்ல உடம்பு. ஒரு வேலையும் தெரியாது."

"நாளைக்கே வரச் சொல்லுங்கண்ணே."

"நாம நெய்யற பாயை என்ன பண்றது?"

"நாமளே படுத்துக்குவோம்," என்றாள் செண்பகம்.

நீதி: அரசாங்கத்துக்கு விற்க உடம்பில் குறை இருந்தால் மட்டும் போதாது, வேலையில் குறை வைக்க, உடம்பில் குறையில்லாத ஒருவரையும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.