சிறுத்தையார் கார் நின்ற இடம்

ஒரு காட்டில் ரிமோட் கார் பந்தயப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. முயல் முதல் யானை வரை ஆளுக்கொரு குட்டிக் கார். ஜெயிக்கிற குடும்பத்துக்குக் கோடை முழுக்க ஊற்றுக்கரை நிழல் சொந்தம். சாத்தப்பன் என்ற கீரிக்கு அந்த நிழல்தான் வேண்டும். போன கோடையில் பாறைப் பொந்தின் வெக்கையில் அவன் குட்டிகள் சுருண்டு கிடந்தன.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். போன வருஷம் ஜெயித்தவர் காரை எப்படி வைத்திருந்தாரோ, அப்படியேதான் எல்லோரும் வைக்க வேண்டும். அதற்கு மரியாதை என்று பெயர். போன வருஷம் ஜெயித்தவர் சிறுத்தையார். ஓட்டியது வழவழப்பான பாறையில். ஆகவே இந்த வருஷமும் எல்லாக் காரிலும் கல்லு மாதிரி ஸ்பிரிங், தரையை உரசும் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம். இந்தத் தடவை பந்தயம் வேரும் பள்ளமுமான மண்தரையில் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நமக்கேன் வம்பு!

சாத்தப்பன் ஓட்டிப் பார்த்தான். வேருக்கு வேர் கார் துள்ளியது, சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. அந்தரத்தில் சுற்றுகிற சக்கரம் எந்த மண்ணைப் பிடிக்கும்? மெத்தென்ற ஸ்பிரிங் மாட்டி, சேஸிஸைக் கொஞ்சம் தூக்கி வைத்தான். நாலு சக்கரமும் மண்ணை விடாமல் கார் பள்ளத்தில் இறங்கி ஏறியது. வம்பை விலைக்கு வாங்காதீங்க என்றாள் பெண்டாட்டி செவந்தி. பிள்ளைகளுக்கு நிழல் வேண்டாமா என்று கேட்டு அவள் வாயை அடைத்தான்.

பந்தயத்தில் முதல் வளைவிலேயே முயலின் கார் குப்புறக் கவிழ்ந்தது. சிறுத்தையாரின் கார் பாதி வழியில் ஒரு வேரில் எகிறி, ஈச்சம்புதருக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. சாத்தப்பனின் கார் மட்டும் எல்லைக்கோட்டைத் தாண்டியது. சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நடுவர் கரடியார் கோட்டைப் பார்த்தார், புதரைப் பார்த்தார், சிறுத்தையாரின் பல்லையும் பார்த்தார். பிறகு நிதானமாக நடந்துபோய், புதரடியில் புதுக் கோடு ஒன்று கிழித்தார்.

"எல்லை இதுதான். சிறுத்தையார் சரியா வந்து நின்னுட்டார். நீ எதுக்குப்பா அவ்வளவு தூரம் போனே?"

"அங்கே கோடு போட்டது நீங்கதானே, ஐயா," என்றான் சாத்தப்பன்.

"ஆமா. இங்கே போட்டதும் நான்தான்."

கூட்டம் கைதட்டியது. நிற்கத் தெரியாத காரெல்லாம் ஒரு காரா என்று முயல்கூடச் சொல்லிச் சிரித்தது. அந்தக் கோடையும் குட்டிகள் பொந்துக்குள்ளேயே வெந்தன. செவந்தி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் சாத்தப்பனுக்குத் தாங்க முடியவில்லை.

நீதி: சரியான ஸ்பிரிங் போட்டால் கார் எல்லைக்கோடு வரை போகும், தப்பான ஸ்பிரிங்கைச் சிறுத்தை போட்டால், எல்லைக்கோடே கார் வரை வரும்.