சொல்லாத் தெருவின் பொறுப்பாளர்

மனிதகுல வரலாற்றில் நெருப்பு, சக்கரம், இட்லி ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக வைக்கத்தக்க கண்டுபிடிப்பு ஒன்று, அடையாறு காந்தி நகரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, போண்டாவுக்கும் காப்பிக்கும் இடைப்பட்ட நேரத்தில் நிகழ்ந்தது. ஒரு நல்ல விஷயத்தை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமானால், முதலில் பாதி மக்களிடமிருந்து அதை மறைக்க வேண்டும் என்பதே அது. அப்படி மறைத்த பெருமை அடியேனுக்கு உரியது. பெயர் சித்தார்த்தன். பதவி, 'சொல்லாத் தெருப் பொறுப்பாளர்'.

எங்கள் நிறுவனத்தின் பெயர் 'கடலுணவு இடர்த் தகவல் பங்கேற்புப் பரவல் மையம்'. பலகையை மாடிப்படியில் திருப்ப முடியாமல் ஜன்னல் வழியாகத்தான் ஏற்றினோம். நோக்கம் மிக உன்னதமானது. கடலில் பாதரசம் கலக்கிறது. சின்ன மீனில் அது கொஞ்சம். சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் நிறைய. எல்லாரையும் தின்று ஏப்பம் விடும் சுறாவில் ரொம்ப நிறைய. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சுறா சாப்பிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது. இதை மீனவ மக்களுக்கு மீனவ மக்களைக் கொண்டே சொல்ல வேண்டும். மொத்தச் செய்தியும் இவ்வளவுதான். நீங்கள் படித்து முடிக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். எங்களுக்குப் பதினோரு மாதம் ஆயிற்று.

இயக்குநர் டாக்டர் ராமானுஜம் மந்தைவெளிக்காரர். மீன் விஷயத்தில் அவருடைய நடுநிலை அப்பழுக்கற்றது. "எங்காத்துல மீன்தொட்டி கூடக் கெடையாது. அதனாலதான் எனக்கு எந்த மீன் மேலயும் பட்சபாதம் இல்லே" என்று கருத்தரங்குதோறும் சொல்லுவார்; கை தட்டுவார்கள். எங்கள் துண்டறிக்கையின் அட்டையில் எந்த மீனைப் போடுவது என்று நான்கு கூட்டம் போட்டோம். கடைசியில் இயக்குநரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். அது டால்பின். "மத்ததெல்லாம் மொறைக்கறது. இது ஒண்ணுதான் சிரிச்சிண்டிருக்கு" என்றார்.

மயிலாப்பூர்க் கடலோரத்தில் ஒரு குப்பத்தைத் தேர்ந்தெடுத்தோம். பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. மேலத் தெரு, கீழத் தெரு என்று இரண்டே தெரு. நடுவில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மேலத் தெரு 'சொல்லும் தெரு' ஆயிற்று, கீழத் தெரு 'சொல்லாத் தெரு' ஆயிற்று. தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் இரண்டு தெருக்காரர்களின் தலைமுடியையும் வாங்கிச் சோதித்து, பாதரசம் எங்கே குறைந்திருக்கிறது என்று பார்ப்பது திட்டம். சொன்னதால்தான் குறைந்தது என்று நிரூபிக்க, சொல்லாத ஒரு தெரு வேண்டாமா?

"ஒருத்தருக்குமே சொல்லாம இருந்தா அது அலட்சியம்" என்று இயக்குநர் விளக்கினார். "பாதிப் பேருக்குச் சொல்லாம இருந்தா அது அறிவியல்."

சொல்லும் தெருவுக்குப் பொறுப்பாளர் போட இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. சொல்லாத் தெருவுக்கு மட்டும் நான், ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு விசில் என்று முழு ஏற்பாடும் நடந்தது.

'சமூகத் தூதர்' ஆகத் தேர்வானவர் மேலத் தெரு ஆரோக்கியமேரி. கடற்கரைச் சாலையோரம் மீன் விற்பவர். கழுத்தில் அட்டை, தலையில் தொப்பி, கையில் டால்பின். மூன்று நாள் பயிற்சியை நான்தான் நடத்தினேன். முதல் நாள், எல்லாரும் வட்டமாக நின்று பந்தைத் தூக்கிப் போட்டு அறிமுகம் செய்துகொள்ளும் நிகழ்ச்சியிலேயே அவர் ஒழுங்கைக் குலைத்தார்.

"நைனா, பெர்ய மீனு சின்ன மீன துன்னுது. சின்னதுல கீற வெசம்லாம் பெர்சுல போயி குந்திக்குது. அதனால புள்ளத்தாச்சி, பால் குடுக்கறவ சுறா துன்னக் கூடாது. நெத்திலி, காரப்பொடி மாரி பொடி மீனு துன்னலாம். இத்தானே?"

"ஆமாம்மா. ஆனா அது மூணாம் நாள் மத்தியானம்தான் வரும். இப்ப பந்தப் புடிங்க."

பிடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அது வந்தது. சான்றிதழை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு விருட்டென்று கிளம்பினார்.

"எங்கம்மா?"

"எம் பொண்ணாண்ட."

விசாரித்தேன். மகள் ஃப்ளோரன்ஸைக் கட்டிக்கொடுத்திருப்பது கீழத் தெருவில். இரண்டாவது பிரசவம் என்பதால் மாமியார் வீட்டிலேயே இருக்கிறாள். ஆண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். மாமியார் ஈவ்லின், மருமகளுக்குப் பால் ஊற வேண்டுமென்று தினமும் சுறாப்புட்டு செய்து போடுகிறார். பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப்புட்டு வாசம் வரவில்லையென்றால், மருமகளைக் கவனிப்பதில்லை என்று அக்கம்பக்கத்தில் பேசிவிடுவார்கள்.

"போங்க. பேரனக் கொஞ்சுங்க. ஆனா சுறாவப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது" என்றேன்.

"இன்னா நைனா சொல்ற? எம் பேரன் நைனா அது!"

"இல்லம்மா. அது ஒப்பீட்டுக் குழு."

"நாங்களே இன்னும் பேரு வெக்கல. அதுக்குள்ள நீ ஒரு பேரு வெச்சிட்டியா?"

இயக்குநரைப் போனில் பிடித்து, ஆரோக்கியமேரியும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"சொல்லப்படாது!" என்று போன் அதிர்ந்தது. "ஒரு ஆத்துக்குச் சொன்னா அது இரக்கம். இரக்கம் புள்ளிவிவரத்துக்குள்ள வந்துடுத்துன்னா ஆராய்ச்சியே போச்சு. ஆறே மாசம் பொறுத்துக்கோங்கோ. அப்பறம் பேஷாச் சொல்லலாம்."

"ஆறு மாசத்துல எம் பேரன் சோறு துன்ன ஆரமிச்சிருவானே, சாரே!"

"அதனாலென்ன? அடுத்த பிரசவத்துக்கு உபயோகப்படுமே!"

ஆரோக்கியமேரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை 'பங்கேற்பாளர் எதிர்வினை' என்ற தலைப்பின்கீழ் குறித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவர் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நானும் நாற்காலியோடு போய் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். ஃப்ளோரன்ஸ் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு புட்டுத் தட்டை எடுப்பாள். ஆரோக்கியமேரி வாயைத் திறப்பார். நான் விசில் ஊதுவேன். பிள்ளை அழும்.

"வாயத் தொறந்தாலே ஊதறியே, கொட்டாவி உட்டா?" என்று சீறினார்.

"கொட்டாவிக்குத் தடை இல்ல."

"அம்மா, இன்னா அப்டி பாக்கற? ஒனக்கும் ஓணுமா?" என்று ஃப்ளோரன்ஸ் ஒன்றும் புரியாமல் கேட்டாள்.

ஆரோக்கியமேரி ஒரு கணம் யோசித்தார். பிறகு தட்டை வாங்கி, அத்தனை புட்டையும் தானே தின்று தீர்த்தார். நான் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். தூதர் சாப்பிடக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

மூன்று நாள் இப்படியே நடந்தது. பாவம், மனுஷிக்குச் சுறாவே பிடிக்காதாம். கண்ணில் தண்ணீர் வர விழுங்குவார். நான்காம் நாள் ஈவ்லின் இரண்டு பங்காகச் செய்துவிட்டார். ஒன்று மருமகளுக்கு, ஒன்று சம்பந்திக்கு. சம்பந்தி இரண்டையும் தின்றார். ஈவ்லினுக்குப் பொறுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, தண்ணீர் வரும் நேரம். இரண்டு தெருவும் குடத்தோடு தொட்டியடியில் நிற்கிறது; ஓரமாக நான் நாற்காலியோடு. ஈவ்லின் யாரிடமோ சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்: "புள்ள பெத்தவ தட்டுல கீறத புடுங்கித் துன்ற தாய எங்கனா பாத்துகிறீங்களா?"

ஆரோக்கியமேரி குடத்தைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். கூந்தலை அள்ளி முடிந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

"ஆமாண்டி துன்னேன்! எம் பொண்ணு வவுத்துக்குப் போற வெசத்த நா துன்னேன்! சுறாவுல பாதரசம் கீதுடி! அது பாலுல போயி புள்ள மூளைய கெடுக்குதுடி!"

"வெசமா? நா மூணு புள்ள பெத்தேன், மூணும் சுறாப்புட்டுலதாண்டி வளந்துச்சி!"

"வளந்துச்சே! ஒம் மவன் லச்சணத்ததான் ஊரே பாத்துக்கினு கீதே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வலைகளை விட்டுவிட்டு ஆண்கள் ஓடி வந்தார்கள். மாடிகளில் தலைகள் முளைத்தன. நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, கையேட்டில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் தேடினேன். 'தகவல் தொடர்பு என்பது ஒப்புதல் படிவம், துண்டறிக்கை, ஒருங்கிணைப்பாளர் ஆகிய மூன்றும் உள்ள உரையாடல்.' இங்கே ஒன்றுகூட இல்லை. விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரே குஷியாக இருந்தது.

"யக்கா, வஞ்சிரம் துன்னலாமா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு கர்ப்பிணி கேட்டாள்.

"எப்பனா ஒரு துண்டு துன்னு! நா சண்ட போட்டுக்கினு கீறேன்ல, குறுக்க பேசாத!"

"பெர்ய சூரை?"

"வோணாம்! நவுருடி, அவ மூஞ்சி தெர்ல எனுக்கு! ஏண்டி ஈவ்லினு, காரப்பொடி கொயம்பு வெச்சா பால் ஊறாதா? நெத்திலி போட்டா ஊறாதா?"

"ஊறும்டி! யாரு இல்லன்னா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" ஈவ்லினின் குரல் உடைந்தது. "மருமவளுக்கு வெசம் வெக்கவா நா தெனம் குந்திக்கினு முள்ளு எடுக்கறேன்?"

"சொல்ல உட்டாத்தானே! அதோ, அந்த நாற்காலிக்காரனக் கேளு!"

இருநூறு தலைகள் என் பக்கம் திரும்பின. நான் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டே நிமிஷம். இரண்டு தெருவிலும் எந்த மீன், யாருக்கு, எவ்வளவு என்று தெரியாதவர் ஒருவர் பாக்கியில்லை. அன்று மத்தியானம் ஈவ்லின் வீட்டில் காரப்பொடிக் குழம்பு கொதித்தது. ஆரோக்கியமேரியும் அங்கேயே சாப்பிட்டார். என் ஏட்டில் இப்படி எழுதினேன்: 'தொட்டியருகே இரு பெண்களுக்கிடையே குடும்பத் தகராறு. தகவல் தொடர்பு ஏதும் நிகழவில்லை.'

ஆறு மாதம் ஓடிற்று. தலைமுடி போயிற்று, முடிவு வந்தது. தியாகராய நகர் ஓட்டல் ஒன்றில் மாநாடு. முன்வரிசையில் பொன்னாடை போர்த்தி உட்கார வைக்கப்பட்டார் ஆரோக்கியமேரி. இயக்குநர் தழுதழுத்த குரலில் அறிவித்தார்:

"சொன்ன தெருவிலும் பாதரசம் பாதியாக் கொறைஞ்சிருக்கு. சொல்லாத தெருவிலும் அதே அளவு கொறைஞ்சிருக்கு. ஆகவே, சொல்றதனால எந்தப் பிரயோஜனமும் இல்லேன்னு சந்தேகமில்லாம நிரூபணம் ஆயிடுத்து! இந்தக் கடலோரத்துல மிச்சமிருக்கற இருபத்தேழு குப்பத்துக்கும் இனிமே யாரும் எதுவும் சொல்லவேண்டிய அவசியமே இல்லே!"

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. ஆரோக்கியமேரியும் எழுந்தார்.

"சாரே, நா சொன்னேன்."

"யாருக்கும்மா?"

"ரெண்டு தெருவுக்கும்! தண்ணித் தொட்டியாண்ட! அதனாலதான் ரெண்டுலயும் கொறஞ்சிது!"

கைதட்டல் நின்றது. இயக்குநர் வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். "சித்தார்த்தன், சொன்னாளா?"

"சொல்லு நைனா" என்றார் ஆரோக்கியமேரி. அதட்டவில்லை, கெஞ்சினார். "நீ பக்கத்துலதானே இருந்த? அந்த இருபத்தேழு குப்பத்துலயும் புள்ளத்தாச்சிங்க கீறாங்க நைனா. ஒரே ஒரு வார்த்த சொல்லு."

நான் எழுந்தேன். ஏட்டைத் திறந்தேன். தெளிவான உச்சரிப்பில் படித்தேன்: "குடும்பத் தகராறு. தகவல் தொடர்பு ஏதும் நிகழவில்லை."

ஆய்வு பிழைத்தது. மறுபடி கை தட்டினார்கள். ஆரோக்கியமேரி பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதில்லை.

நான் இப்போது இருபத்தேழு குப்பங்களுக்கும் 'தலைமைச் சொல்லாப் பொறுப்பாளர்'. நாற்காலிக்குச் சக்கரம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மக்களும் மிகவும் அன்பானவர்கள். போன வாரம் திருவான்மியூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில், ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, நான் வெயிலில் காய்வதைப் பார்த்து இரக்கப்பட்டு, சுடச்சுடச் சுறாப்புட்டு ஒரு தட்டு கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"இன்னாத்துக்கு நைனா? சூடா கீது, துன்னு."

விதிமுறைப்படி காரணம் சொல்லவில்லை. தட்டை அவள் பக்கமே தள்ளினேன். வீணாக்குவானேன் என்று, என் எதிரிலேயே நின்று, அவளே சாப்பிட்டாள்.