வண்டிக்கு உடம்பு சரியில்லை

ஓடாத வண்டியை ஓட வைக்க மெனக்கெடுகிறவர்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ஓடுகிற வண்டியை ஓடாமல் வைத்திருக்க ஆறு வாரம் மழையில் நனைந்த ஒரே ஆள் நம்ம சூப்பர்வைசர்தான்.

சூப்பர்வைசர் என்பது அவருடைய பழைய உத்தியோகம். சோப்புத் தொழிற்சாலையில் பதினேழு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். வேலை போயிற்று, பட்டம் மட்டும் போகமாட்டேன் என்று தெருவிலேயே தங்கிவிட்டது. "என்ன சூப்பர்வைசர், சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால், செத்துப்போன யாரையோ விசாரிக்கிற மாதிரி அவருக்கு இருக்கும்.

தொழிற்சாலையில் கடைசியாகக் கையில் கொடுத்த பணத்தில் ஒரு வேன் வாங்கினார். வெளிநாட்டில் யாரோ ஆண்டு அனுபவித்துக் கப்பலேற்றிவிட்ட வேன். அந்த நாட்டில் சாலையின் மறுபக்கத்தில் ஓட்டுவார்களாம். அதனால் ஸ்டியரிங் இடம் மாறி இருந்தது, பக்கவாட்டுக் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறந்தது. கையேட்டில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு பெண்குரல் பரம சாதுவாக அந்த நாட்டு பாஷையில் நீளமாக ஏதோ சொல்லும்.

முதல் இரண்டு மாதம் அவர் செய்தது நிஜமான ரிப்பேர்தான், பொய் சொல்லக் கூடாது. படத்தைப் பார்த்துப் பார்த்தே பிளக் மாற்றினார், பெல்ட் மாற்றினார், ரேடியேட்டர் ஓஸ் மாற்றினார். ஒரு நாள் காலையில் வேன் உறுமிக் கிளம்பியது. மனிதர் அழுதே விட்டார். அந்தச் சந்தோஷம் ஒன்றரை மணி நேரம் நீடித்தது. அதற்குள் மச்சினன் போன் பண்ணிவிட்டான்.

"அத்தான், வண்டி ரெடின்னு அக்கா சொன்னா. திங்கக்கிழமையிலிருந்து நம்ம கடைக்கே ஓட்டுங்க. கட்டில் பீரோ டெலிவரிதான். மாசா மாசம் சம்பளம்."

இதிலென்ன வருத்தம் என்று கேட்பீர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மச்சினன் சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சோப்புத் தொழிற்சாலைக்கு வேலை கேட்டு வந்தான். அறைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் அவனை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார் சூப்பர்வைசர். வேலை ஒன்றுமில்லை, உள்ளே பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தார். சும்மா ஒரு கெத்து. அப்புறம் கூப்பிட்டு, வேலை இல்லை என்றார்.

இப்போது அவன் ஃபர்னிச்சர் கடை முதலாளி. ஸ்டூலுக்கா பஞ்சம்? கடை நிறைய ஸ்டூல் வைத்திருப்பான். அதில் ஒன்று தனக்காகவே காத்திருக்கிறது என்று சூப்பர்வைசருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது மண்டையை விட்டு இறங்கவே இல்லை.

அன்றைக்கே வேனிலிருந்து ஒரு ரிலேயைப் பிடுங்கினார். பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் அனுப்புகிற குட்டிக் கறுப்புப் பெட்டி அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் கரகரவென்று சுற்றும், கிளம்பவே கிளம்பாது. வீட்டில் யாரும் தொடாத பொருள் எது என்று யோசித்தார். கட்டிலுக்கடியில் அவருடைய ஆபீஸ் ஷூ. ஐந்து மாதமாக அவரே அதைத் தொடவில்லை. இடது ஷூவுக்குள் ரிலே ஒளிந்தது.

அப்புறம் தினம் காலையில் ஸ்பேனரோடு வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். மேலே மழை, கீழே ஈரச் சிமெண்டு, மூக்குக்கு மேலே ஒரு துருப்பிடித்த குழாய். ஆனாலும் அங்கே நிம்மதி. வேனுக்கு அடியில் படுத்திருக்கிறவனை யாரும் "அடுத்து என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்பதில்லை.

கேட்கிற ஒரே ஆள் மனைவி.

"என்னங்க, இன்னிக்காவது கிளம்புமா?"

"உனக்குச் சொன்னா புரியாது. சிக்கலான வியாதி."

"போன மாசம் கிளம்பிச்சே?"

"அது அணையப் போற விளக்கு பிரகாசமா எரிஞ்ச மாதிரி. நீயே கேளு." சாவியைத் திருப்பினார். குரல் பேசியது. "கேட்டியா? வண்டிக்கு உடம்பு சரியில்லை, ஓட்டாதேங்கறா."

"அவ பாஷை உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"குரல்லயே தெரியுதே, எவ்வளவு கவலை பாரு!"

"பதினெட்டு வருஷமா நான் கவலையோட தமிழ்லதான் பேசறேன். அது புரியலை, இது புரியுதா?"

திங்கட்கிழமை ஒத்திப்போடப்பட்டது. அடுத்த திங்களும் அப்படியே. மனைவி திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். வேலை போனதிலிருந்து குடும்பம் அந்தத் தையல் மெஷினில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேனுக்கு அடியில் படுத்தால் ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் கேட்கும். அது நின்றால் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். கண்ணீரெல்லாம் இல்லை, கண் எரிச்சல். ஆனாலும் அந்த நேரத்தில் சூப்பர்வைசருக்குத் தன்னைத் தானே நாலு அறை விடலாம் போலிருக்கும். எழுந்து போய் ஷூவைக் குடைய வேண்டியதுதான் என்று நினைப்பார். உடனே ஸ்டூல் ஞாபகம் வரும். மறுபடி படுத்துக்கொள்வார்.

இதற்கிடையில் அவள் காலையில் ஒரு மணி நேரம் நடக்கப் போக ஆரம்பித்தாள்.

"டாக்டர் சொன்னார், நடக்கணுமாம்."

"நட, நட. நாலு வாரமா நடக்கிறே, ஒரு சுற்றும் இளைச்ச மாதிரி தெரியலையே!"

"எனக்கும் அதான் ஆச்சரியமா இருக்கு" என்றாள் அவள்.

ஆறாவது வாரம் மச்சினன் கறாராகச் சொல்லிவிட்டான். "அத்தான், வர்ற திங்கக்கிழமை நானே வந்து பார்க்கறேன். முடியலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைப்பதாவது! இன்னும் ஒரு திங்கட்கிழமையைத் தாண்டினால் போதும், ஸ்டூல் ஆபத்து ஒழிந்தது. மச்சினன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும், முகத்தைத் துக்க வீட்டுக்காரன் போல் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். குரல் பேசியது. இன்ஜின் கரகரவென்று சுற்றியது. கிளம்பவில்லை.

"பார்த்தியா மாப்ளே? என்னால ஆனதெல்லாம் பண்ணிட்டேன்."

மச்சினன் பரிதாபப்பட்டான். அப்போது மனைவி வாசலுக்கு வந்தாள். கையில் அவருடைய ஆபீஸ் ஷூ. முகம் பார்க்கலாம் போல் பளபளவென்றிருந்தது.

"இறங்கி இதைப் போட்டுக்குங்க."

சூப்பர்வைசர் சாவியை வண்டியிலேயே விட்டார். இறங்கி, இடது ஷூவுக்குள் விரலை விட்டார். ஒன்றுமில்லை. வலது ஷூவிலும் ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவள் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எதையோ 'டக்'கென்று மாட்டிக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்பினாள். வேன் அருமையாகக் கிளம்பியது.

"உனக்கு... நீ எப்படி... லைசென்ஸ்?"

ரவிக்கைக்குள்ளிருந்த பர்ஸை எடுத்து விரித்துக் காட்டினாள். படத்தில்கூட அவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

"ஆறு வாரமா நடக்கலைங்க. டிரைவிங் ஸ்கூல். ஏறுங்க."

மச்சினன் பைக்கில் முன்னால் போனான். வேன் பின்னால் போனது.

"எப்போ கண்டுபிடிச்சே?" என்று அவர் கேட்டார்.

"முதல் ஞாயித்துக்கிழமையே. வாராவாரம் உங்க ஷூவுக்குப் பாலிஷ் போடறேனே. திடீர்னு எங்கேயாவது வேலைக்குக் கூப்பிட்டா பூசணம் பூத்த ஷூவோடவா போவீங்க? இது என்னன்னு ஸ்கூல்ல காட்டிக் கேட்டேன். எங்கே மாட்டணும்னு சொல்லிக் கொடுத்தாங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா இன்னொண்ணைக் கழட்டி வேற எங்கேயாவது ஒளிச்சிருப்பீங்க. ஷூன்னா எனக்கு வேலை சுலபம்." கியரை மாற்றினாள். "நீங்களே எடுத்து மாட்டுவீங்கன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பார்த்தேன். அப்படியே இருந்துது."

அவர் ஸ்டூல் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவமானமாக இருந்தது, சொன்னபிறகு இன்னும் அதிகமாக இருந்தது.

"அடக் கடவுளே! இதுக்கா? அன்னிக்கு வந்து அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அத்தான் ஆபீஸ்ல ஃபேன் காத்து சூப்பர், அக்கா'ன்னான். அவனுக்கு அதெல்லாம் ஞாபகமே இருக்காது."

"உன் தம்பியை உனக்குத் தெரியாது."

"சரி, முன்னாடி லாரி போகுது. ஸ்டியரிங் இந்தப் பக்கம் இருக்கு, எனக்கு எதிர்ல வர்றது தெரியலை. எட்டிப் பார்த்துச் சொல்லுங்க. மேற்பார்வைதானே உங்களுக்குக் கைவந்த வேலை?"

எட்டிப் பார்த்தார். "போ" என்றார். அவள் லாரியைத் தாண்டினாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னும் போன்ல போட்டுப் பார்த்துட்டேன். அந்த ஊர்ச் சாலைக்கு ஏதோ கட்டண அட்டையாம். அதைச் சொருகலைன்னு சொல்றா. உங்க உடம்பைப் பத்தியோ வண்டி உடம்பைப் பத்தியோ அவளுக்கு ஒரு கவலையும் இல்லை."

கடை வந்தது. மச்சினன் அக்காவை ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட உள்ளே கூட்டிக்கொண்டு போனான். சூப்பர்வைசர் பளபளக்கும் ஷூவோடு வாசலில் நின்றார். மழை பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்தான். கையில் புத்தம்புது ஸ்டூல். அவர் பக்கத்தில் கூரைக்கடியில் வைத்துவிட்டுப் போனான்.

அவ்வளவுதான். பத்து வருஷம் பொறுத்திருந்து அடித்துவிட்டான். சூப்பர்வைசர் அந்த ஸ்டூலை வெகுநேரம் பார்த்தார். பட்ட கடன் தீரட்டும், எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரமானாலும் எழுந்திருப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டார். வேலை போனதிலிருந்து அப்படி ஒரு நிமிர்வு அவர் முதுகுக்கு வந்ததே இல்லை.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னங்க நீங்க! எழுந்திருங்க, அதையும் வண்டியில ஏத்தணும்."