சாய்ந்தமருதில் கண்ட நீர்மூழ்கி

உலகக் கடற்படைகளின் சரித்திரத்தை எழுதிய மேதைகள் எல்லோரும் ஒரு பாரிய தவறு செய்திருக்கிறார்கள். ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல்களின் வளர்ச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும்போது லெனின்கிராட்டைச் சொல்கிறார்கள், கருங்கடலைச் சொல்கிறார்கள், சாய்ந்தமருதைச் சொல்வதில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு சித்திரை மாதம், கல்முனைக்குத் தெற்கே அந்தக் கடற்கரையில் கூடிய ஒரு கூட்டத்தில், ரஷ்ய நீர்மூழ்கிகளைப் பற்றி மொஸ்கோவுக்கே தெரியாத பல உண்மைகள் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டன.

அந்த உண்மைகளுக்கு இடைஞ்சலாக இருந்தவர் ஒரே ஒருவர்தான். முகம்மது தம்பித் தண்டயல். கடலின் நிறத்தைப் பார்த்து மீன் எங்கே நிற்கிறது என்று சொல்லி, தோணியை விட்டு வலையை வளைக்க வைத்து, இரண்டு பக்கமும் கயிறு இழுக்கிறவர்களை ஆட்டி வைப்பது தண்டயலின் வேலை. பதினாறு குடும்பங்களின் சோறு அவருடைய கண்ணில் இருந்தது. கண் நல்ல கண். வாய்தான் பொதுவாழ்வுக்குப் பொருந்தாதது. கண்டதை மட்டும் சொல்லும்.

வலை அவருடையதல்ல, 'கரைவலைத் தொழிலாளர் ஐக்கிய முன்னேற்றச் சங்க'த்துடையது. அந்த மகத்தான சங்கத்துக்கு ஒரு தலைவர், மூன்று உப தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், துணை இணைச் செயலாளர் எனத் தொடங்கிப் பதினொரு பேர் பதவியில் இருந்தார்கள். சொத்துகள் மூன்று: ஒரு கரைவலை, ஒரு தோணி, ஒரு செப்புக் கிடாரம். நாலு பேர் தூக்கும் கிடாரம் அது. மாரி முடிந்ததும் பனிச்சங்காயை இடித்து அதில் காய்ச்சி, அந்தச் சாயத்தில் வலையைத் தோய்த்து எடுப்பார்கள். சாயம் குடித்த நூல்தான் உப்புத் தண்ணீரில் உளுத்துப் போகாமல் நிற்கும். இது தெரியாத வலைக்காரன் அந்தக் கரையில் இல்லை.

ஆனால் அந்த வருஷம் மாசியில் சங்கத்தின் காரியாலயத் திறப்பு விழா வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் வந்து, ஒரு மணி நேரம் பேசி, நெய்ச்சோறு சாப்பிட்டுப் போனார். நெய்ச்சோறு ஆக்கியது இந்தக் கிடாரத்தில். அடுத்த கூட்டத்திலேயே செயலாளர் அபுல் ஹஸன் எழுந்து, பிரமுகர் உண்ட சோற்றை ஆக்கிய பாத்திரத்தில் நாற்றம் பிடித்த வலைச்சாயம் காய்ச்சுவது சங்கத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று பிரேரித்தார். இரண்டு உப தலைவர்கள் ஆமோதித்தார்கள். கிடாரம் பதவி உயர்வு பெற்று, செயலாளரின் 'பாதுகாப்பில்' அவர் வீட்டு வளவுக்குப் போனது. சாயம் போட வேணும் என்று தண்டயல் மூன்று தரம் போய்க் கேட்டார். விண்ணப்பத்தை எழுத்தில் தரும்படி மூன்று தரமும் அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். தண்டயலுக்கு எழுத வராது.

சாயம் காணாத வலையோடு தொழில் தொடங்கியது. சித்திரையில் ஒரு புதன்கிழமை காலை, கரையிலிருந்து பார்க்கவே கடல் கறுத்துக் கிடந்தது. அவ்வளவும் கீரி மீன். அப்படி ஒரு பட்டையை ஐந்து வருஷமாக யாரும் கண்டதில்லை. வளைத்தார்கள், இழுத்தார்கள், பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். கரைக்குப் பத்து முழம் இருக்கும்போது, மீன் சேரும் வலை மடி கிழிந்தது. மீன் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போனது.

முகம்மது தம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கிழிந்த இடத்தில் ஒரு நூலை எடுத்து இரண்டு விரலால் இழுத்தார். பட்டென்று அறுந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான். அவருக்கு அழுகை வந்தது. முகத்தில் கடல் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டார்.

சங்கம் உடனே கூடியது. மடி கிழிந்தது யாருடைய தவறு என்பது நிகழ்ச்சி நிரலில் முதலாவது. தலைவர் காலிதீன், தண்டயல் வலையைக் கல்லில் போட்டுவிட்டார் என்று தொடங்கினார். அந்தக் கரையில் கல்லே இல்லை என்று கயிறு இழுக்கும் றஊப் பின்னாலிருந்து சொன்னான். நிலைமை மோசமாகி, கிடாரத்தின் பக்கமாகப் பேச்சுத் திரும்பும் ஆபத்து ஏற்பட்டது. அந்த இக்கட்டான கட்டத்தில்தான் செயலாளர் எழுந்து, தொண்டையைச் செருமி, சரித்திரம் படைத்தார்.

"கனவான்களே, இது நீர்மூழ்கிட வேலை. ரஷ்ய நீர்மூழ்கி!"

செயலாளருடைய கல்வியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கல்முனைச் சந்தையில் செத்தல் மிளகாய் சுற்றிக் கொடுத்த ஆங்கிலச் சஞ்சிகைத் தாள்களை அவர் நீவி எடுத்து வாசித்திருந்தார். அந்தத் தாள்களில் ரஷ்ய நீர்மூழ்கிகளின் வரலாறு முழுவதும் இருந்தது. இடையில் பத்துப் பதினைந்து வருஷத்து வரலாறு மட்டும் வேறு யாரோ வாங்கிய மிளகாயோடு போய்விட்டது. மறுநாளே, வலை வைக்கும் ஓலைக் கொட்டிலான கடற்கரை வாடியில், வலைக்கு மேல் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களுக்கு 'விளக்கக் கூட்டம்' நடந்தது.

"முதல் கப்பலுக்கு டெல்பின் எண்டு பேர்" என்றார் செயலாளர். "டெல்பின் எண்டா நம்மட ஓங்கல் மீன். ஆயிரத்துத் தொளாயிரத்து நாலுல அவங்கட ஆத்துத் துறையடியில பரீட்சை பார்க்கக்குள்ள தண்ணிக்குள்ள தாண்டு பெயித்து."

"ஏன் தாண்ட?" என்று தண்டயல் கேட்டார்.

"ஏத்தக்கூடியதுக்கு மேல ஆள ஏத்திட்டாங்க. மேல் கதவு தொறந்தபடி. பக்கத்தால போன கப்பல்ட அலை உள்ளுக்கு அடிச்சிட்டு."

"அவங்க அப்பிடியேதான் எழுதி வெச்சிரிக்காங்களா?"

"ஓம். எழுதி வெச்சபடியாத்தானே எனக்குத் தெரியும்!" செயலாளருக்குப் பெருமையாக இருந்தது. "மறுகா பார்ஸ் எண்டு ஒரு வகுப்பு. அதுக்கு உள்ளால தடுப்புச் சுவர் இல்ல. ஒரு ஓட்டை விழுந்தா முழுக்கத் தண்ணி. அதுவும் பிழை எண்டு கண்டு, அடுத்த வகுப்புல சுவர் வெச்சாங்க. மறுகா ஷூக்கா, பல்லு மீன்ட பேர். மறுகா மல்யூத்கா எண்டு ஒரு குட்டி. அத ரயில்ல ஏத்திக் கொண்டு போகலாம்."

"கப்பலயா? ரயில்லயா?" என்றான் றஊப். "அப்ப அது இஞ்ச வந்திரிக்க ஏலா. கல்முனைக்கு ரயில் இல்லயே."

"அது பழசு. இப்ப வந்திரிக்கிறது அறுநூத்திப் பதிமூணாம் இலக்க வகுப்பு. இருநூறுக்கு மேல கட்டிட்டாங்க. வெள்ளைக்காரன் அதுக்கு விஸ்கி எண்டு பேர் வெச்சிரிக்கான்."

வாடி முழுவதும் 'அஸ்தஃபிருல்லாஹ்' என்றது. கூட்டத்தின் அறிக்கை பள்ளிவாசலிலும் வாசிக்கப்பட வேண்டியிருந்ததால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஹறாமான பெயருடைய கப்பல்' என்று எழுதும்படி தலைவர் பணித்தார். இருநூறு ஹறாமான கப்பல்களில் ஒன்று நம் கீரி மீனைத் தேடி வந்தது என்பதை அதற்குப் பிறகு யாரும் சந்தேகிக்கவில்லை.

தண்டயலுக்கு வேறொன்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப ஒவ்வொரு கப்பலும், முந்தின கப்பல்ட பிழைய ஒத்துக்கிட்டுச் செஞ்சதுதானா?"

"அதுதான் தண்டயல் வளர்ச்சி எண்டுறது!" என்றார் செயலாளர்.

அன்று மாலைக்குள் 'நீர்மூழ்கி விசாரணை உப குழு' அமைந்தது. 'கண்ணால் கண்டோர் வாக்குமூலப் படிவம்' தயாரானது. தண்டயல் வெள்ளிக்கிழமை அசறுத் தொழுகைக்குப் பிறகு சங்கத்தின் முன் வந்து, அல்லாஹ் சாட்சியாக, தான் நீர்மூழ்கியைக் கண்டதாகச் சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டும். அந்தப் படிவத்தோடு புது வலை கேட்டுக் கொழும்புக்கு மனு போகும். வைக்காவிட்டால் வலையைக் கிழித்தவர் தண்டயல். அவருக்குத் தண்டயல் வேலையும் இல்லை. தலைவர் இதைத் தெளிவாகவே சொன்னார்.

வீட்டில் மனைவி சுபைறாவிடம் இதைச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் கடலைப் பார்த்த மனுஷன், இனி இன்னொருவன் வலையில் கயிறு பிடிக்க வேண்டும்.

"கண்டன் எண்டு சொல்லிட்டு வாங்களன்" என்றாள் சுபைறா. "ஆருக்கு நட்டம்? ரஷ்யாக்காரன் இஞ்ச வந்து சண்டையா புடிக்கப் போறான்?"

"காணாதத எப்பிடிப் புள்ள கண்டன் எண்டுற? சாட்சிக்கு அல்லாஹ்வ இழுக்காங்க."

"அப்ப கண்டதச் சொல்லுங்க. இண்டைக்குக் காலத்தால நான் செக்கட்டரியார் ஊட்டுக்குத் தீத்தணல் எடுக்கப் போனன். அவர்ர பொஞ்சாதி ஹாஜறா அந்தக் கிடாரத்துலதான் நெல் அவிக்கிறா. ரெண்டு மாசமா அதுதானாம் வேலை. நல்ல வாய் அகலமாம், சோறு உதிரி உதிரியா வருதாம்!"

முகம்மது தம்பி எழுந்து சால்வையைத் தோளில் போட்டார். மனைவி கண்டது மனைவியின் சாட்சி. அவர் கண்டதை மட்டும் சொல்கிறவர். ஆகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை அசறுக்குப் பிறகு வாடியில் இருக்க இடமில்லை. பதினாறு குடும்பத்து ஆண்களும் வந்திருந்தார்கள். செயலாளர் புதிய பேனையைத் திறந்து, படிவத்தை நேராக வைத்தார்.

"தண்டயல், நீங்க கண்டீங்களா?"

"கண்டன். வல்லாஹி, என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன்."

சங்கத்தில் பதவி வகித்த பதினொரு பேரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டார்கள். தலைவர் எழுந்து போய்த் தண்டயலின் தோளைத் தட்டினார்.

"எந்த வகுப்பு?"

"பழைய வகுப்பு. என்ட வாப்பா காலத்துல செஞ்சது."

"பழையது... சரி. உடம்பு எதனால?"

"செம்பு."

"செம்பு!" செயலாளர் மகிழ்ச்சியோடு எழுதினார். "தாள்ல இல்லாத வகுப்பு இது. நிறம்?"

"வெளியால கரி புடிச்ச கறுப்பு. உள்ளால நல்ல பளபளப்பு."

"உள்ளால எப்பிடிக் கண்டீங்க?"

"மேல் கதவு தொறந்துதானே கிடந்த."

"அந்த டெல்பின் மாதிரியே!" என்று செயலாளர் சபையைப் பார்த்தார். "புகை?"

"அடியால நல்லா வந்த."

"மாலுமிகள் எத்தனை பேர்?"

"காதுல கம்பு போட்டுத் தூக்க நாலு பேர் வேணும்."

'மாலுமிகள் நால்வர்' என்று செயலாளர் எழுதிவிட்டார். பின்னாலிருந்து றஊப் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான்.

"உள்ளுக்கு என்ன ஆயுதம்?"

"சம்மாந்துறை நெல்லு. அரை அவியல்."

பேனை நின்றது. செயலாளர் படிவத்தை மெல்லத் தள்ளி வைத்தார். தலைவர் படிவத்தை எட்டிப் பார்த்து, பழக்க தோஷத்தில் தாமே வாசித்துவிட்டார்: "கப்பலைக் கண்ட இடம்?"

"செக்கட்டரியார்ர கிணத்தடி. நேத்துப் பின்னேரம். அவர்ர பொஞ்சாதி அகப்பையால கிண்டிட்டு நிண்டா."

வாடி குலுங்கிச் சிரித்தது. தலைவர் கை உயர்த்தி அடக்கப் பார்த்தார். "தண்டயல்! சங்கத்துட மானம் என்னத்துக்கு ஆகிற? ரஷ்யா எண்டு எழுதியாச்சு!"

முகம்மது தம்பி சிரிக்கவில்லை. வலையின் அறுந்த நூல் ஒன்றை இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தார்.

"செக்கட்டரியார், அவங்கட ஓங்கல் தாண்ட நேரம், சாய்ந்தமருது வலைதான் இழுத்துத் தாட்ட எண்டு அவங்க எழுதினாங்களா? கதவு தொறந்து கிடந்த எண்டுதானே எழுதினாங்க?"

 தண்டயல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, கடற்கரையில் குரல் கொடுக்கிற மாதிரியே குரல் கொடுத்தார். "நாலு பேர் கம்பெடுத்து வாங்க! மத்த ஆக்கள் பனிச்சங்காய் இடிங்க!" பதினாறு குடும்பத்து ஆண்களும் எழுந்தார்கள். அவருடைய பதவியைப் பற்றிய பிரேரணை அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை. எடுத்திருந்தாலும் ஆமோதிக்க ஆள் இருந்திருக்காது.

செயலாளர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டறியாத நேர்மையாளர் அவர். கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த தண்டயலை மெதுவாகக் கூப்பிட்டார்.

"தண்டயல்... 'வலையை அழித்த எதிரிக் கப்பல் எந்த நாட்டுக்குச் சொந்தமானது' எண்டு இரிக்கி. என்னத்த எழுதுற?"

"நம்மட எண்டு எழுதுங்க" என்றார் முகம்மது தம்பி.