கடுகு டப்பாவில் ஆறு மாத்திரை

மருந்துக்கு அடங்காத மலேரியாக் கிருமியைக் கோயமுத்தூரில் கண்டுபிடித்தவன் என்ற பெருமை எனக்கு ஒரே ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளும் என் கால் தரையில் படவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மலேரியா ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். வயது இருபத்து மூன்று. (மீசையையும் சேர்த்தால் இருபத்து நான்கு சொல்லலாம்.) வழக்கமான குளோரோகுயின் மாத்திரை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். காய்ச்சல்காரருக்கு மூன்று நாள் மாத்திரை கொடுத்து, கண்ணெதிரே விழுங்கவைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, அரைமணி நேரம் கூடவே இருக்கவேண்டும். ஏழாம் நாள் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்கவேண்டும்.

எனக்கு வாய்த்த முதல் நோயாளி உக்கடத்து மாராத்தாள் அக்கா. கட்டட வேலைக்கு வெளியூர் போய், குளிர்காய்ச்சலோடு திரும்பியவர். என்னைவிட இருபது வயது மூத்தவரிடம் போய் நாக்கைத் தூக்கு என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு, நான் போய் உட்கார்ந்ததுமே அவர் மகள் அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் ஊற்றி நீட்டிவிடுவாள்.

"போட்டாச்சுங்களா, அக்கா?"

"ஆச்சுங் தம்பி."

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, 'என் முன்னிலையில் விழுங்கினார்' என்ற கட்டத்தில் டிக் அடிப்பேன்.

ஏழாம் நாள் காய்ச்சல் திரும்பியிருந்தது. ரத்தத்தில் கிருமிகள் நிறைய. அக்கா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். நானும் நடுங்கினேன், சந்தோஷத்தில். (நினைத்தால் இன்றும் கூசுகிறது.) எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஆராயும் சென்னை டாக்டர் மேடத்திடம், "கெடச்சிருச்சுங்க மேடம்!" என்று கத்தினேன். ராத்திரி ரயிலைப் பிடித்து, மறுநாள் காலை, ரத்த மாதிரி எடுத்துப்போக ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

அக்கா ஐஸ் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"மொதல் நாள் முழுங்கினனுங்க. கொடலே வெளிய வந்துருமாட்ட இருந்துச்சுங்க. அப்பறம் ரெண்டு நாளும் கைக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு, வெறுந்தண்ணிய முழுங்கிப்போட்டனுங்க."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதுங்களா, அக்கா?"

"தம்பி அத்தன பிரியமாக் கொண்டாந்தீங்க. வேண்டாமுன்னு சொன்னா சங்கடப்படுவீங்கன்னு..."

மகள் உள்ளே போய்க் கடுகு டப்பாவை எடுத்துவந்தாள். "கவருமெண்டு மாத்திரைங்க. வீசிப்போட மனசு வல்லீங்க." கடுகுக்கு நடுவில் ஆறு மாத்திரைகள் பத்திரமாக இருந்தன.

மேடம் என் பக்கம் திரும்பினார். "வெறும் வயித்துலயா கொடுத்தே?"

"ஆமாங்க மேடம்."

"தெனமும் நெய் ஊத்திச் சாதம் போட்டனுங்களே" என்றாள் மகள்.

"அப்ப அந்தச் சாதம்?" என்றார் மேடம்.

"அது... நான் சாப்பிட்டேனுங்க."

மேடம் ஐஸ் பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார்: "மருந்து அரைகுறையா உள்ள போனாத்தான் கிருமி அதுக்குப் பழகிக்கும். நீ கிருமியை ஒழிக்க வந்தியா, அதுக்குப் பயிற்சி கொடுக்க வந்தியா? உன் பேச்சை நம்பியிருந்தா, நல்லா வேலை செய்யற மருந்தைப் போய் இந்த ஜில்லாவுல நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

அன்றைக்கு முதலில் அக்காவுக்குச் சாதம் போட்டார்கள், அப்புறம்தான் மாத்திரை. அக்கா தானாகவே நாக்கைத் தூக்கிக் காட்டினார். நான் மூன்று நாளும் பட்டினியாக உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தேன். அடுத்த ஏழாம் நாள் ரத்தம் சுத்தம். அக்கா சித்தாள் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னது நான் செய்த இரண்டாவது தவறு. இப்போது எனக்கு ரத்த அழுத்த மாத்திரை. போன மாதம் ஈரோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், ஊரே பார்க்க, "ஏனுங்க, கையை விரிங்க, வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க" என்றாள். மறுபேச்சு இல்லாமல் காட்டினேன். எதிர்ப் பந்தியில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர், இலையில் வைத்த கையை எடுத்துவிட்டு, பயந்துபோய்த் தன் வாயையும் திறந்தார்.